மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்

"கர்த்தர் என்னோடே பேசினார்." காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை எந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் காதில் விழுகிற வாக்கியம் இது. நிலம் வாங்கச் சொன்னார், பெண்ணை இந்த இடத்தில் கொடுக்கச் சொன்னார், வேலையை விட்டு ஊழியத்துக்கு வரச் சொன்னார். சொன்னவர் உட்கார்ந்ததும் கூட்டம் "ஆமென்" என்கிறது, அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. பேசியது கர்த்தர்தானா, இல்லை ராத்திரி தூக்கம் வராமல் போட்ட கணக்கா என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு என்று பெயர் வரும்.

அந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல், அன்போடு, முறை வைத்துக் கேட்கிறவர்கள் குவேக்கர்கள். 1650களில் இங்கிலாந்தில் தொடங்கியவர்கள். ஞானஸ்நானமோ திருவிருந்தோ வெளிச்சடங்காக வைப்பதில்லை. பழைய முறைக் கூட்டங்களில் போதகரும் கிடையாது. இதைக் கேட்டதும் நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பலர் எழுந்து போய்விடுவார்கள் என்று தெரியும். போக வேண்டாம். சபை மாறச் சொல்லி இதை எழுதவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டத்தில், இருப்பவரும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவரும் தங்கள் ஞாயிறு ஆராதனையை விடாமலே, ஒரு வீட்டுக் கூடத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் சொல். நம் வேதாகமத்தில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. 1 கொரிந்தியர் 12:10 "ஆவிகளைப் பகுத்தறிதல்" என்கிறது. பகுத்தறிவு என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பெரியார் பக்கம் எழுதிக்கொடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1 யோவான் 4:1 "சோதித்தறியுங்கள்" என்கிறது. அதில் பரீட்சை வாடை அடிக்கிறது. 1 கொரிந்தியர் 14:29 சொல்வதுதான் சரியாகப் பொருந்துகிறது: "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." நிதானித்தல் என்றால் எடைபோடுவது. வேகத்தைக் குறைப்பதும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. "நிதானமா ஓட்டு" என்று வண்டிக்காரரிடம் சொல்கிறோமே, அது. குவேக்கர் முறை முழுவதும் இந்த இரண்டு அர்த்தத்துக்குள் அடங்கும்.

ஊற்றும் ஊற்றைப் பற்றிய சேதியும்

ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) 1652-ல் வட இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் ஊர்க் கோவிலில் பேசியபோது கேட்டது இது: கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர் இப்படிச் சொன்னார் என்கிறீர்கள், நீ என்ன சொல்லுவாய்? நீ பேசுவது உள்ளே தேவனிடமிருந்து வந்ததா? அன்று அங்கே இருந்த மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணி உட்கார்ந்து அழுதார். வேதவாக்கியங்களை வார்த்தையாக எடுத்துக்கொண்டோம், நமக்குள் அவற்றை அறியவில்லை, நாமெல்லாம் திருடர்கள் என்று தோன்றியதாகப் பிற்பாடு எழுதினார்.

இதை வைத்து "குவேக்கருக்கு பைபிள் வேண்டாம்" என்று முடிவுகட்டுவது தவறு. ஃபாக்ஸ் வேதாகமத்தில் ஊறியவர். அவர் பேச்சிலும் கடிதத்திலும் வரிக்கு வரி வசனம் நிற்கும். இறையியலாக இதை எழுதிவைத்தவர் ராபர்ட் பார்க்லே. 1676-ல் லத்தீனிலும் 1678-ல் ஆங்கிலத்திலும் வந்த அவருடைய நூல் சொல்வது: வேதவாக்கியங்கள் ஊற்றைப் பற்றிய அறிவிப்பு, அவையே ஊற்று ஆகா. பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வறண்ட மணலில் எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த சேதி தலைமுறைக்கும் உதவும். ஆனால் சேதியைக் குடத்தில் மொள்ள முடியாது, தோண்டத்தான் வேண்டும். பார்க்லே அதே இடத்தில் கதவை இன்னொரு பக்கமும் பூட்டுகிறார்: ஆவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேதத்துக்கு விரோதமாக ஒருவர் எதைச் செய்தாலும் அது சாத்தானின் வஞ்சனை என்றே எண்ணப்பட வேண்டும். ஆவி முதல் அளவுகோல், வேதம் அதற்குக் கீழ்ப்பட்ட இரண்டாம் அளவுகோல். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது என்பது அவர் நிலை.

அப்படிப் பூட்ட வேண்டிய அவசியம் ஏற்கெனவே வந்திருந்தது. 1656 அக்டோபரில் ஜேம்ஸ் நெய்லர் என்ற புகழ்பெற்ற குவேக்கப் பிரசங்கியார், இயேசு எருசலேமுக்குள் போனதைப் போல், ஆட்கள் ஓசன்னா பாட, மழையில் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் போனார். ஆவியானவர் ஏவினார் என்பதே அவர் தரப்பு. பாராளுமன்றம் அவர் நெற்றியில் சூடு போட்டு, நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைக்கச் செய்தது. தண்டனை கொடூரம், அது வேறு விஷயம். தனி ஆளின் ஏவுதலைக் கூட்டம் நிதானிக்காவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதைக் குவேக்கர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பால்பி என்ற ஊரில் கூடிய மூப்பர்கள் கூட்டங்களுக்கு ஆலோசனைக் கடிதம் ஒன்று அனுப்பினார்கள். இவற்றைச் சட்டமாக உங்கள்மேல் சுமத்தவில்லை என்று சொல்லி, 2 கொரிந்தியர் 3:6-ஐ வைத்து முடித்தார்கள்: "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது." கடிவாளமும் கடிவாளத்தைப் பற்றிய எச்சரிக்கையும் ஒரே தாளில்.

உட்காருவது

குவேக்கர் ஆராதனை என்பது சேர்ந்து மௌனமாக உட்காருவது. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். நாற்காலியோ பாயோ, வட்டமாகப் போட வேண்டும். மேடையும் முன்வரிசையும் இருக்கக் கூடாது. நடுவில் சின்ன மேசைமேல் ஒரு வேதாகமம், திறக்காமல். முழுக்கூட்டம் ஒரு மணி நேரம். பழக்கமில்லாதவர்கள் முதல் மாதம் 20 நிமிடம், அடுத்த மாதம் 40 என்று ஏற்றிக்கொள்ளலாம். 15 நிமிடத்தோடு நிறுத்திவிடுகிற குழுக்கள் ஏமாறுகின்றன: முதல் கால்மணி முழுக்க அடுப்பும் கடனும் பையனின் மார்க்கும்தான் மனதில் ஓடும். அது அடங்கிய பிறகுதான் கூட்டம் ஆரம்பம்.

வேலூர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மூடிய அறையில் மௌனமாக உட்காருவது தூங்குவதற்கான ஏற்பாடு. காலை ஆறு மணி நல்லது. ஞாயிறு ஆராதனைக்கும் இடிக்காது. ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர், ஆடி மாதத்து ஒலிபெருக்கி எல்லாம் வரத்தான் செய்யும். அவற்றோடு சண்டைபோடாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் பின்னால் போய்விடும். கிரீச்சிடும் மின்விசிறி போகாது. அதை முன்பே பார்த்துவிடுங்கள்.

திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டம். எனவே "இது ரமணர் ஆசிரமத்து மௌனம்தானே?" என்று யாராவது கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இங்கே மூச்சை எண்ணுவதில்லை, மந்திரம் இல்லை, "நான் யார்" என்ற விசாரமும் இல்லை. தனித்தனியாகப் பத்துப் பேர் தியானம் செய்வதும் இதுவல்ல. பத்துப் பேரும் சேர்ந்து தேவன் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் யாருக்காவது வார்த்தை தரப்படலாம். தரப்படாமலும் ஒரு மணி நேரம் முடியலாம். அதுவும் முழு ஆராதனைதான்.

எழுந்து பேசலாமா என்பதைத்தான் ஒவ்வொருவரும் தமக்குள் நிதானிக்க வேண்டும். இது எனக்கு மட்டும் வந்ததா, எல்லாருக்குமா? இப்போதா, பிறகா? நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயமா, சொல்லத் தயங்குகிற விஷயமா? தள்ளிவைத்துப் பாருங்கள், போய்விட்டால் அது உங்கள் யோசனை, அதை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். மறுபடி மறுபடி வந்து நெஞ்சு படபடத்தால் எழுந்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு உட்காருங்கள். 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர், என்பது 1650-ல் டெர்பி நகர நீதிபதி ஒருவர் ஃபாக்ஸைக் கேலி செய்து வைத்த பெயர். கர்த்தருடைய வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் அவரிடம் சொல்லியிருந்தார்.

ஒருவர் பேசிய பிறகு ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். அவருக்குப் பதில் சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது, "பிரதர் சொன்னதைப் போல" என்று தொடரக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் ஒருமுறைதான். இந்த விதி தளர்ந்தால் மௌனம் பொரி பொரிகிற மாதிரி ஆகிவிடும்: ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர்.

நம் ஊருக்கென்றே சில சறுக்கல்கள் உண்டு. சபைப் போதகரான ஐயர் வந்து உட்கார்ந்திருந்தால் அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். அவர் தாமாக முன்வந்து, "இன்றைக்கு நான் பேசப் போவதில்லை" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் உதவி. வசனங்களைச் சரம்சரமாகக் கோத்து ஒப்பிப்பது இன்னொன்று. மனப்பாடத்தில் நாம் கெட்டிக்காரர்கள். எல்லாவற்றிலும் மோசமானது, ஜெபத்தில் குத்திக்காட்டுவது. "ஆண்டவரே, இந்தக் கூட்டத்திலே சிலபேர் பணத்தின்மேல் ஆசை வைத்திருக்கிறார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அந்தச் சிலபேர் யார் என்று அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தைக் கவனிக்கப் பொறுப்பேற்ற மூப்பர் அன்றைக்கே, தனியாக, அவரிடம் பேச வேண்டும். ஒரு வாரம் விட்டால் கட்சி பிரிந்துவிடும்.

பெண்கள் கதவோரமாக உட்கார்ந்து கேட்பதும் நம் வழக்கம். பெண்கள் சபையில் பேசாமலிருக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 14:34-ஐக் காட்டி அதை நியாயப்படுத்துவோம். மார்கரெட் ஃபெல் 1666-ல் லங்காஸ்டர் சிறையிலிருந்தபடி, பெண்கள் பேசலாம் என்பதற்கு ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அவர் ஆவியை மட்டும் சாட்சிக்கு அழைக்கவில்லை. வேதத்துக்குள்ளேயே போய், "உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ் சொல்லுவார்கள்" என்ற யோவேலின் வாக்கையும், உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் கொண்டுபோனவர்கள் பெண்கள்தான் என்பதையும் எடுத்துவைத்தார். வேதமும் ஆவியும் சேர்ந்து வேலைசெய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நான் சேர்க்க விரும்புவது ஒன்றே: அதே அதிகாரத்தின் 30-ம் வசனம், வேறொருவருக்கு வெளிப்பட்டால் பேசிக்கொண்டிருக்கிற ஆணையும் பேசாமலிருக்கச் சொல்கிறது. அதை யாரும் சுவரில் எழுதி மாட்டுவதில்லை.

ஐந்து கேள்விகள்

வேத ஆராய்ச்சிக்கு இன்றைய குவேக்கர்களிடம் ஓர் எளிய முறை புழங்குகிறது. பத்துப் பதினைந்து வசனம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். பிறகு கால்மணி நேரம் எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதியவன் என்ன சொல்ல வருகிறான்? இந்த வாசிப்பில் எனக்குப் புதிதாக என்ன வெளிச்சம்? இது என் அனுபவத்தில் உண்மையா? என் வாழ்க்கையில் இதனால் என்ன மாற வேண்டும்? இந்தப் பகுதியில் எனக்கு என்ன சிக்கல்? பிறகு சுற்றிவந்து ஒவ்வொருவரும் சொல்லலாம். விவாதம் இல்லை, விளக்கவுரை வாசிப்பதும் இல்லை.

மத்தேயு 20:20–28-ஐ எடுத்துப் பார்ப்போம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) குறிக்கோள் வாசகம் இந்தப் பகுதியிலிருந்து வந்தது: "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்." வேலூரில் இது சுவரிலேயே பார்த்துப் பழகிய வசனம், அதனாலேயே கண் வழுக்கிப் போகும். ஐந்து கேள்வியோடு உட்கார்ந்தால், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வலதுபக்கம் ஒன்று இடதுபக்கம் ஒன்று சீட்டுக் கேட்கிற செபெதேயுவின் மனைவி முதலில் கண்ணில் படுவாள். அட்மிஷன் காலத்தில் நாம் பார்க்காத அம்மாவா? ஐந்தாவது கேள்விக்கு வரும்போது, இரவுப் பணி முடித்து வந்த ஒரு நர்ஸ், 'ஊழியம்' என்ற சொல்லைச் சொல்லியே சம்பளம் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதலாம். எழுதட்டும். நம் வேதபாட வகுப்புகளில் அனுமதி இல்லாத கேள்வி இந்த ஐந்தாவதுதான். அதைத் தவிர்த்துவிட்டு நாலோடு நிறுத்துகிற குழுவில், மூன்றாம் வாரம் எல்லாரும் ஞாயிறு பள்ளி விடைகளையே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டு இல்லாத கமிட்டி

சேகரக் கமிட்டித் தேர்தல் நடக்கிற விதம் எல்லாருக்கும் தெரியும்; அதை இங்கே எழுதி யாருடைய ரத்த அழுத்தத்தையும் ஏற்ற விரும்பவில்லை. குவேக்கர் கூட்டத்தில் ஓட்டெடுப்பே கிடையாது. கிளார்க் என்று ஒருவர் இருப்பார்; தலைவரும் அவரே, செயலரும் அவரே, ஆனால் தன் கருத்தைச் சொல்லமாட்டார். பொருளை அவர் எடுத்துவைத்ததும் மௌனம். பேச விரும்புகிறவர் கிளார்க்கைப் பார்த்து ஒருமுறை பேசுவார். கூட்டத்தின் மனம் எங்கே சாய்கிறது என்று உணர்ந்ததும் கிளார்க் அங்கேயே, அப்போதே தீர்மானத்தை எழுதி உரக்க வாசிப்பார். சொல் சொல்லாகத் திருத்தி, ஏற்றுக்கொண்ட பிறகே அடுத்த பொருள். மினிட்டை, அதாவது கூட்டக் குறிப்பை, வீட்டில் போய் எழுதி அடுத்த மாதம் வாசிக்கிற பழக்கம்தான் நம் பாதிச் சண்டைக்குக் காரணம் என்பேன்.

இது பெரும்பான்மையும் இல்லை, எல்லாரும் ஒரே கருத்துக்கு வருவதும் இல்லை. "எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கூட்டம் சரியான வழியில் போகிறது என்று தெரிகிறது, நான் விலகி நிற்கிறேன்" என்று ஒருவர் சொல்லலாம். அப்போஸ்தலர் 15:28-ல் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்கிறார்களே, அந்த வாக்கியத்தை எழுத முடிகிற நிலைதான் இலக்கு. முடியாவிட்டால் "இன்னும் தெளிவில்லை" என்று எழுதி ஒத்திவைப்பார்கள்.

ஒத்திவைப்புக்கு விலை உண்டு. அமெரிக்காவின் ஜெர்மன்டவுனில் சில குவேக்கர்கள் அடிமை வைத்திருப்பதை எதிர்த்து 1688-ல் எழுதிக்கொடுத்தார்கள். மேல்கூட்டங்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி ஓரமாக வைத்தன. ஜான் உல்மன் என்ற தையற்காரர், இளவயதில் முதலாளி சொன்னதற்காக ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு விற்பனைச் சீட்டு எழுதிக்கொடுத்து, அந்த உறுத்தலோடு வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் உட்கார்ந்து பேசினார். அந்தப் பகுதிக் குவேக்கர்களின் மேல்கூட்டமான ஃபிலடெல்ஃபியா ஆண்டுக்கூட்டம் 1758-ல் அசைந்தது; அடிமை வைத்திருப்பவரை உறுப்பினராக ஏற்பதில்லை என்று 1776-ல் முடிவு செய்தது. 88 வருடம். மற்ற சபைகளைவிட முந்திவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த 88 வருடமும் அடிமையாக இருந்தவர்கள் இந்த நிதானத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பிளவும் நடந்தது. 1827-ல் ஃபிலடெல்ஃபியாவில், உள்ளொளியை, அதாவது ஒவ்வொருவருக்குள்ளும் தேவன் தரும் வெளிச்சத்தை, அழுத்திச் சொன்ன இலியாஸ் ஹிக்ஸ் பக்கமும் வேதப் போதனையை அழுத்தியவர்கள் பக்கமுமாகச் சபை இரண்டானது. 1845-ல் நியூ இங்கிலாந்தில் இன்னொரு உடைப்பு. இன்று கென்யாவில் பெருந்தொகையாக இருக்கிற குவேக்கர்கள் போதகர் வைத்து, பாட்டுப் பாடி, பிரசங்கம் கேட்கிறார்கள். ஒரே முறை என்று ஒன்றில்லை.

ஐந்து பேர், இரண்டரை மணி நேரம்

தனி ஆளின் முடிவுக்கு 'தெளிவுக் குழு' வைப்பார்கள். முன்பு திருமணத்துக்கு அனுமதி கேட்பவர்களுக்காக இருந்தது, இப்போது எல்லா முடிவுக்கும் பயன்படுகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிற நர்ஸ் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தன் நிலைமையை இரண்டு மூன்று பக்கம் எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அவர் நம்புகிற நாலைந்து பேர். மாமா, சித்தப்பா, வீட்டுக்கடனில் கையெழுத்துப் போட்டவர் யாரும் கூடாது. முடிவில் லாபநஷ்டம் உள்ளவர் நிதானிக்க முடியாது. மௌனத்தில் தொடங்கி, இரண்டரை மணி நேரம், கேள்வி மட்டும்.

கஷ்டமே இங்கேதான். "அம்மாவை யார் பார்த்துப்பாங்கன்னு யோசிச்சியாம்மா?" என்பது கேள்விக்குறி போட்ட புத்திமதி. "போறதை நினைச்சா முதல்ல உனக்கு எது கண்ணுல வருது?" என்பது கேள்வி, கேட்பவருக்கே விடை தெரியாது. நம்மால் பதினைந்து நிமிடம்கூட அறிவுரை சொல்லாமல் இருக்க முடியாது என்பதை முதல் தடவையிலேயே காணலாம். ஒருவர் குறிப்பெடுத்துக் கடைசியில் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட வேண்டும். வெளியே வந்தபின் யாரும் இதைப் பேசக் கூடாது, அடுத்த வாரம் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "என்ன முடிவு பண்ணினே?" என்று கேட்பதும் கூடாது.

முடிவு வந்த பிறகும் நிற்கிறதா என்று காலம் பார்க்க வேண்டும். சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் குவேக்கர் அல்ல. ஆனால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவங்களுக்கு அழைப்பு வந்து, அது அவரை மருத்துவம் படிக்க ஏவிய கதை வேலூரில் தெரியாதவர் இல்லை. அந்த இரவை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அமெரிக்கா திரும்பிப் படித்து 1899-ல் டாக்டரானார், 1900-ல் ஒரு படுக்கையோடு தொடங்கினார், 1902-ல் மருத்துவமனை, 1918-ல் மருத்துவப் பள்ளி. ஏவுதல் உண்மைதானா என்பதற்குக் குவேக்கர்கள் பார்ப்பது இந்தப் பின்பகுதியை. கூடவே கலாத்தியர் 5:22-ஐயும் வைத்துப் பார்ப்பார்கள்: வீட்டில் சமாதானமும் நீடியபொறுமையும் கூடியதா, குறைந்ததா?

பகிர்வது

விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்வதில் குவேக்கர்கள் கைப்பிரதியை மட்டும் நம்பி நிற்பவர்கள் அல்ல. 1656-ல் ஃபாக்ஸ் எழுதியனுப்பிய அறிவுரை, உங்கள் நடையும் வாழ்க்கையும் எல்லாவித மக்களிடத்திலும் பிரசங்கிக்கட்டும் என்பது. மார்ஜரி சைக்ஸ் 1928-ல் சென்னை பென்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து தமிழ் கற்றார், பிறகு குவேக்கரானார், சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியில் இருந்து, கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். திருவனந்தபுரத்தில் குறைந்த செலவில் செங்கல் வீடுகள் கட்டிய லாரி பேக்கரும் குவேக்கர்தான். அவர் கட்டிய சுவர்களைத் தெரிந்த பலருக்கு அது தெரியாது.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவும் செய்வார்கள். மத்தேயு 5:34 சத்தியமே பண்ண வேண்டாம் என்பதால் ஆரம்பகாலக் குவேக்கர்கள் நீதிமன்றத்தில் பைபிள்மேல் கைவைக்க மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். 1690களில் இங்கிலாந்துச் சட்டம் அவர்களுக்கு உறுதிமொழி சொல்ல இடம்கொடுத்தது. நம் நாட்டிலும் 1969-ம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் 5-ம் பிரிவு சாட்சிக்கு அந்த வழியைத் தருகிறது. சத்துவாச்சாரி நீதிமன்றக் கூண்டில் ஏறுகிற யாரும் "சத்தியம் செய்யவில்லை, உறுதி கூறுகிறேன்" என்று சொல்லலாம். ஏன் என்று கேட்டால் நீண்ட பதில் வேண்டாம். 37-ம் வசனம் போதும்: "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.